பெட்டிக்குள் ஒரு டிராகன்

1

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் கலிஃபோர்னியா போயிருந்தேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பழைய நண்பன் ஒருவனின் வீட்டில் கழித்தேன். இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் ஹாஸ்டலில் எனக்கு எதிர் அறைக்காரன். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவுகூட ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி கேம் ஆடியவர்கள் நாங்கள். இப்போது அவன் வீட்டு ஹாலில் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க கேம்கள். கன்ஸோல் வாரியாக, அகரவரிசைப்படி, எங்கள் கல்லூரி நூலகத்தைவிட ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். நடுத்தட்டில் ஒன்று மட்டும் தனியாக, அக்ரிலிக் பெட்டிக்குள் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ‘பான்ஸர் டிரகூன் சாகா’.

“டேய், இது ஒரிஜினலா?”

“பின்ன? நாலு டிஸ்க்கும் இருக்கு. மேனுவல்கூட இருக்கு.”

விலையைச் சொன்னான். சென்னையில் எனக்கு இரண்டு மாத வாடகை.

“விளையாடி முடிச்சிட்டியா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. “லூசாடா நீ? டிஸ்க்க வெளிய எடுத்தா கீறல் விழும். கீறல் விழுந்தா பாதி விலை போச்சு.”

அந்த கேமை நான் சில வருடங்களுக்கு முன்பே முடித்திருந்தேன். வேளச்சேரியில், என் பழைய லேப்டாப்பில், எமுலேட்டர் வைத்து, யாரோ எங்கோ பிரதியெடுத்துப் போட்ட கோப்பிலிருந்து. ஆக, கேமைச் சொந்தமாக வைத்திருப்பவன் அதை ஆடியதில்லை. ஆடியவனிடம் கேம் இல்லை. திரும்பி வரும் விமானத்தில் முழுக்க இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படைப்பு கிடைக்காமல் போனால், அல்லது கிடைத்தும் தொட முடியாத விலைக்குப் போனால், அந்தப் படைப்புக்கு என்ன ஆகிறது? வாங்குகிறவனின் பர்ஸுக்கு என்ன ஆகும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்பது படைப்பைப் பற்றி.

2

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. செகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்ஸோல் 1994இல் ஜப்பானில் வந்தது. அதே சமயத்தில் வந்த சோனியின் பிளேஸ்டேஷனிடம், ஜப்பானுக்கு வெளியே, படுதோல்வி அடைந்தது. பான்ஸர் டிரகூன் வரிசையின் முதல் இரண்டு கேம்கள் டிராகன் மேல் அமர்ந்து, போட்டுவைத்த பாதையில் பறந்தபடி சுடுபவை. யுகியோ ஃபுதாட்சுகியின் இயக்கத்தில் ‘டீம் ஆண்ட்ரோமெடா’ என்ற செகாவின் உள்குழு அதே உலகத்தை ஒரு முழுநீள ஆர்பிஜியாக விரித்தது. 1998 ஜனவரியில் ஜப்பானிலும், சில மாதங்கள் கழித்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியானது.

அந்தச் சில மாதங்களுக்குள் அமெரிக்காவில் சாட்டர்னின் கதை முடிந்துகொண்டிருந்தது. செகா அடுத்த கன்ஸோலான டிரீம்காஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சாகும் இயந்திரத்துக்காக யாரும் நிறைய டிஸ்க் அச்சடிக்க மாட்டார்கள். ஆங்கிலப் பதிப்பு மிகக் குறைவாகவே அச்சானது. வந்த வேகத்தில் தீர்ந்தது. அதோடு சரி. மறுவெளியீடு, ரீமாஸ்டர், டிஜிட்டல் விற்பனை எதுவும் இன்றுவரை நடக்கவில்லை. முதல் பான்ஸர் டிரகூனுக்கு 2020இல் ரீமேக் வந்தது. சாகாவுக்கு வரவில்லை. நல்ல நிலையில் இருக்கும் முழுப் பிரதி இன்று பல நூறு டாலர். சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும்.

காரணமாகப் பல வருடங்களாகச் சொல்லப்படுவது, அதன் மூல நிரல் தொலைந்துவிட்டது என்பது. இன்று எங்கள் டீமில் நேற்றுச் சேர்ந்த இன்டர்ன் எழுதும் பத்து வரிகூட கிட்டில் பதிந்துவிடுகிறது. 90களில் கேம் நிரல் என்பது டிஸ்க் அச்சாகிப் போனதும் யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுமானச் சாரம். கட்டடம் எழும்பியதும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். போதாததற்கு சாட்டர்ன் ஒரு விசித்திர இயந்திரம். ஹிட்டாச்சியின் இரண்டு பிராசஸர்கள், படம் வரைய இரண்டு தனித்தனிச் சில்லுகள். மற்றவர்கள் முக்கோணங்களால் முப்பரிமாணம் கட்டிக்கொண்டிருந்தபோது இது நாற்கரங்களால் கட்டியது. அதன் உடம்பை அறிந்து, அதற்கென்றே எழுதப்பட்ட நிரலை மூலம் இல்லாமல் வேறு இயந்திரத்துக்கு மாற்றுவது, ஓலைச்சுவடியும் இல்லாமல் உரையும் இல்லாமல் கேட்டவர் நினைவிலிருந்து ஒரு காப்பியத்தைப் பதிப்பிப்பது போல.

3

இந்த கேமின் பெயரை நான் முதலில் படித்தது கல்லூரி முதல் வருடத்தில், யாரும் விளையாடாத சிறந்த ஆர்பிஜிக்கள் என்ற மாதிரியான ஒரு பட்டியலில். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம், ஒரு நிமிடம்கூட ஆடாமல், அதன் ரசிகனாக இருந்தேன். ஜூனியர்களிடம் “ஃபைனல் ஃபேன்டஸி எல்லாம் சும்மாடா, சாகான்னு ஒண்ணு இருக்கு” என்று அளந்து விட்டிருக்கிறேன். கம்பராமாயணத்தைப் பிரிக்காமலே கம்பனைப் போல் வருமா என்று மேடையில் முழங்குபவர்களைக் கேலி செய்த அதே வாயால்.

2021 ஊரடங்கில்தான் கடைசியாக உட்கார்ந்து ஆடினேன்.

கதை இப்படி. அழிந்துபோன ஒரு பழைய நாகரிகத்தின் மிச்சங்களைத் தோண்டி எடுத்து ஆளும் ஒரு பேரரசு. அதன் அகழாய்வுக் களத்தில் கூலிக் காவலன் எட்ஜ். சுவருக்குள் பதிந்து உறங்கும் ஒரு பெண் அங்கே கண்டெடுக்கப்படுகிறாள், பெயர் அஸெல். பேரரசுக்குத் துரோகம் செய்து வரும் கிரேமென் என்பவனின் படை களத்தைத் தாக்கி, எல்லாரையும் கொன்று, அவளைத் தூக்கிச் செல்கிறது. எட்ஜும் சுடப்பட்டுப் பாதாளத்தில் விழுகிறான். விழுந்த இடத்தில் ஒரு டிராகன்.

முதலில் ஏமாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பன்னிரண்டு வருடம் நான் படித்த புகழுரைகள் எதிலும் இவை இல்லை. நடந்து திரியும் பகுதிகள் நெருக்கடியானவை, கேமரா படுத்துகிறது. பல வெளிகளில் பறப்பதைத் தவிர வேலை இல்லை. சண்டைகள் சுலபம். நான் தோற்றது மொத்தமே இரண்டு மூன்று முறை. பையில் மருந்து வழிந்துகொண்டே இருந்தது. பழங்காலத்தவர் ஆயுதமாகச் செய்துவைத்த அஸெல், தான் யாருக்காக இருக்கிறோம் என்று திகைக்கும் இடம் அருமை. ஆனால் அவளுக்கும் எட்ஜுக்குமான நெருக்கம் தேவையான காட்சிகள் இல்லாமல் திடீரென்று முளைக்கிறது. நான்கு டிஸ்க் என்றதும் மாதக்கணக்கில் ஓடும் என்று நினைத்தேன். இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிட்டது.

இப்போது அதன் பலம். சண்டைகளில் எதிரி நடுவில், நீ டிராகன் மேல் அதைச் சுற்றி வருகிறாய். முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கம். ஒரு பக்கம் அபாயம், ஒரு பக்கம் பாதுகாப்பு, ஒரு பக்கத்தில் எதிரியின் பலவீனம். பல சமயம் பலவீனம் இருக்கும் பக்கம்தான் அபாயமான பக்கமும். உன் மூன்று அளவுமானிகள் நேரத்தோடு நிரம்புகின்றன. எப்போது நகர்வது, எப்போது காத்திருப்பது, எப்போது அடிப்பது என்பதே ஆட்டம். வரிசையில் நின்று முறை வைத்து அடித்துக்கொண்ட அக்கால ஆர்பிஜிக்களுக்கு நடுவில், இடத்தையே ஒரு முடிவாக மாற்றியது இது. ஜோவா என்ற ஊர் இன்னொரு பலம். மேல்சாதிக்கு ஒரு புனித வட்டாரம், மற்றவர்களுக்குக் கீழே இடம். பகலில் ஒரு பேச்சு, இரவில் ஒரு பேச்சு. சண்டையில் குறிவைக்கும் அதே குறிமுள்ளால்தான் ஊருக்குள் கதவுகளையும் மனிதர்களையும் தொட்டு விசாரிக்கிறோம். வந்தவன் ஆயுதத்தோடு வந்தவன் என்பதை கேம் ஒரு கணமும் மறப்பதில்லை.

அதாவது, இது குறைகள் உள்ள, சின்ன, வினோதமான, மிக நல்ல கேம். பட்டியல்களில் இருந்த மாசற்ற தெய்வம் வேறு ஏதோ.

4

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், விலையில் வந்து நிற்கிறது. இரண்டு மாத வாடகை கொடுத்து வாங்கியவன் “நடுவுல போர் அடிச்சுது” என்று எழுதுவானா? முப்பதாயிரம் கொடுத்து எடுத்த காஞ்சிப் பட்டு சாயம் போகிறது என்று எந்த வீட்டிலும் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. வாங்க முடியாதவனுக்கோ அது கனவு. கனவிலும் யாரும் குறை கண்டுபிடிப்பதில்லை. இருவரும் சேர்ந்து கட்டியெழுப்புவது புகழை. விமர்சனத்துக்கு வேண்டியது மூன்றாவது ஒருவன்: சும்மா எடுத்து ஆடிப் பார்த்து, பிடிக்காமல், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுகிறவன். அருமை என்ற சொல்லுக்குத் தமிழில் அரிதாகக் கிடைப்பது என்றும் பொருள், சிறந்தது என்றும் பொருள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு வருடம் முன்னால், 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ பிளேஸ்டேஷனில் ஒரு கோடி அளவில் விற்றது. அதைக் கொண்டாடியவர்கள் உண்டு, திகட்டுகிறது என்று திட்டியவர்கள் உண்டு, அதைப் பார்த்து கேம் செய்ய வந்தவர்கள் உண்டு. அதற்கு ஒரு மரபு இருக்கிறது. சாகாவின் அந்த நான்கு பக்கச் சண்டைமுறைக்கு வாரிசு என்று சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. திறமைக் குறைவால் அறுந்த மரபு இல்லை இது. அடுத்த தலைமுறையின் பையன்கள் கையில் அந்த டிஸ்க் போய்ச் சேரவே இல்லை.

விலைக்கும் விளையாடுவதற்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தூரம் அறுந்துபோகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 ஜூலையில் பிரிக்கப்படாத ஒரு ‘சூப்பர் மாரியோ 64’ அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த கேம் அரிதானதே இல்லை. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்ற கேம். அந்தப் பணம் கேமுக்கு இல்லை, பிரிக்கப்படாத அந்த நெகிழி உறைக்கு. யாரும் ஆடவில்லை என்பதற்கான சான்றிதழுக்கு.

5

சாகாவின் பற்றாக்குறை நேர்ந்தது என்றால், வேண்டுமென்றே செய்யப்படும் பற்றாக்குறையும் உண்டு. அதே மாரியோ 64 உட்பட மூன்று பழைய கேம்களைச் சேர்த்து 2020 செப்டம்பரில் ஒரு தொகுப்பு வெளியிட்டது நின்டெண்டோ. 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று முதலிலேயே அறிவித்தது. சொன்னபடியே நிறுத்தியது. டிஸ்க்கோ அட்டையோ தீர்ந்துபோவதில் ஒரு நியாயமாவது உண்டு. டிஜிட்டல் பிரதி எப்படித் தீரும்? நான் வேலையில் தினமும் செய்வது கோப்புகளை நகலெடுப்பதுதான். இரண்டாவது நகலுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட சுழியம். அந்தச் சுழியத்தை எடுத்து, அதன்மேல் ஒரு கடைசித் தேதியை ஒட்டினால் பற்றாக்குறை தயார்.

மூன்றாவது வகை, மூடிவிடுவது. 2014இல் இலவசமாக வந்த ‘பி.டி.’ என்ற திகில் முன்னோட்டம் அடுத்த வருடமே கடையிலிருந்து நீக்கப்பட்டது. அது பதிந்திருந்த பழைய பிளேஸ்டேஷன் 4களைக் கூடுதல் விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். இலவசப் பொருளுக்குக் கள்ளச்சந்தை! 2023 மார்ச் 27இல் வீ யூ, 3டிஎஸ் கன்ஸோல்களின் இணையக் கடை மூடப்பட்டது. 2024 மார்ச் 31இல் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் டிஸ்க் அன்றிரவு தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டானது.

2023 ஜூலையில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை. நூற்றுக்குப் பதின்மூன்று மட்டும் கிடைக்கும். நமக்குக் ‘கீசக வதம்’ தெரியும். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்த இழப்பு படச்சுருளின் இழப்பு. அழுகிப்போனதற்கு யாரை நோவது? கேம்களின் நிலைமை வேறு. சுருள் பத்திரமாக இருக்கிறது, புரொஜெக்டரும் கட்டிவிடலாம், சாவி வைத்திருப்பவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நூலகங்கள் இந்தக் கிடைக்காத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது.

6

பற்றாக்குறை பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தது வேறு இடம். அங்கே நாங்கள் அதை ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

1998இல், சாகா அமெரிக்கக் கடைகளில் வந்த வேகத்தில் தீர்ந்தபோது, எனக்கு எட்டு வயது. ஈரோட்டில் சித்தப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம் ஒன்று இருந்தது. கேசட் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே நிஜமாக இருப்பது ஏழோ எட்டோ, அவையே திரும்பத் திரும்ப வரும். எல்லாமே திருட்டு நகல் என்று அன்று தெரியாது. தெரு முழுக்க அந்த ஏழெட்டு கேம்களை ஆடியது. கான்ட்ராவில் எந்த இடத்தில் குனிய வேண்டும் என்பதில் எங்களுக்குள் பள்ளிகளே இருந்தன. பிறகு மணிக்கு இருபது ரூபாய் வாங்கும் பிளேஸ்டேஷன் 2 கடை. எங்கள் விமர்சன மரபு அங்கேதான் உருவானது. “அந்த லெவல் சொதப்பல்ணா” என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான். அவன் சொல்லலாம். அவனும் ஆடியிருக்கிறான்.

வேலைக்குப் போய் சொந்தக் காசில் பிளேஸ்டேஷன் 4 வாங்கியபோது புது கேம் நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்குவது, மாதம் ஒருமுறை கை மாற்றுவது. ‘கேம் சீட்டு’ என்று பெயர் வைத்தோம். ஐந்து மாதத்தில் ஐந்து பேரும் ஐந்து கேம் முடிப்போம், கடைசியில் டிஸ்க்குகளைப் பழைய கேம் எடுக்கும் கடையில் போட்டு, வரும் காசில் அடுத்த சுற்று. மதியச் சாப்பாட்டு மேசையில் அப்போது நடந்த சண்டைகள்தான் நான் பங்கெடுத்த மிகச் சிறந்த விமர்சனக் கூட்டங்கள். ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே பிரதியை, அதே கீறல்களோடு, வாசித்திருந்தோம்.

2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. பெரிய நிறுவனங்களின் புது கேம் 4,999. பத்தாயிரம் மிச்சம் என்று இரண்டு பேர் டிஜிட்டல் மாடலை வாங்கினார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதமே எங்கள் சீட்டு உடைந்தது. இரண்டு பேரிடம் கொடுக்கவும் எதுவும் இல்லை, வாங்கிப் போடவும் துளை இல்லை.

2013இல் மைக்ரோசாஃப்ட் பழைய டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியது. அப்போது சோனி வெளியிட்ட 22 விநாடி வீடியோ எனக்கு மனப்பாடம். எங்கள் கன்ஸோலில் கேமைப் பகிர்வது எப்படி என்று தலைப்பு. ஒருவர் டிஸ்க் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுப்பார், அவ்வளவுதான். உலகமே கைதட்டியது. தடை போட்டிருந்தால் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். துளையை மட்டும் எடுத்துவிட்டு பத்தாயிரம் தள்ளுபடி கொடுத்ததும், நாமே போய் க்யூவில் நின்றோம்.

7

இங்கே யாராவது கேட்கவேண்டும்: நீயே சாஃப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன், திருட்டுப் பிரதியில் ஆடிவிட்டு நியாயம் பேசுகிறாயா?

கேள்வி சரிதான். கடையில் கிடைக்கும் கேமை நான் இப்போது நகல் எடுப்பதில்லை. விலை தாங்கவில்லை என்றால் தள்ளுபடிக்குக் காத்திருக்கிறேன், பழசு தேடுகிறேன், சின்ன ஸ்டூடியோக்களின் கேமை முழு விலைக்கு வாங்குகிறேன். அந்தக் காசில் யாரோ ஒருத்தர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரியும். ஆனால் சாகா விஷயத்தில் கணக்கைப் பாருங்கள். என் நண்பன் கொடுத்த இரண்டு மாத வாடகையில் ஒரு சென்ட்கூட செகாவுக்கோ, ஃபுதாட்சுகிக்கோ போகவில்லை. முழுவதும் முந்தைய சேகரிப்பாளருக்குப் போனது. நான் கொடுக்காத பணமும் அவர்களுக்குப் போகவில்லை. படைத்தவர்களைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், நான் அவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். விற்க மனமில்லாதவர் வாங்காதவனைத் திருடன் என்று சொல்லும்போது, அந்தச் சொல் அதன் பாதி எடையை இழந்துவிடுகிறது. பாதியைத்தான். மீதிப் பாதி இன்னும் என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நமக்கு இது புதுக் கதையும் இல்லை. பதிப்பில் இல்லாத நாவலின் ஜெராக்ஸ் பிரதியை, நாலாவது கை ஜெராக்ஸில் ஓர எழுத்துகள் கருகிப்போனதை, கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்த தலைமுறை நாம். இப்போது பிடிஎஃப். அப்படி வாசித்த புத்தகம் மறுபதிப்பு வரும்போது முதலில் வாங்குவதும் நாம்தான். மறுபதிப்பு வந்தபிறகு நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவரை காவியம் என்று கிசுகிசுக்கப்பட்ட நாவலை ஒரு கல்லூரிப் பெண் வாசித்துவிட்டு, “இதுல என்ன இருக்கு?” என்று கேட்பாள். சண்டை தொடங்கும். புத்தகம் உயிர் பெறுவது அந்தக் கேள்வியில்தான். 1887இல் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்த பிறகுதான் சீவக சிந்தாமணியோடு சண்டை போட ஊரில் நாலு பேருக்கு வாய்த்தது. 1949இல் பாரதியின் எழுத்தை அரசே உரிமை வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் மலிவுப் பதிப்பில் அவனை வாங்கி வாசித்து, அவனோடு முரண்படவும் முடிகிறது.

கேம் இதைவிடக் கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கவிதைக்குக் காகிதமும் கண்ணும் போதும். கேமுக்கு அதே உடம்புள்ள இயந்திரம் வேண்டும், அல்லது அந்த இயந்திரம்போல நடிக்கும் மென்பொருள். சாட்டர்னின் இரண்டு மூளைகளும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதைச் சரியாக நடிக்கவைக்க எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்குப் பல வருடம் பிடித்தது. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. என் துறையில் நான் மதிக்கும் பதிப்பாசிரியர்கள் அவர்கள்.

8

சாகாவின் முடிவைச் சொல்லப்போகிறேன். நீங்கள் வாங்கவே முடியாத, 1998இல் வந்த கேமுக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை கொடுப்பது வேடிக்கைதான், இருந்தாலும் கொடுத்துவிட்டேன்.

பழங்காலத்தவர் விட்டுப்போன கோபுரங்கள்தான் அந்த உலகத்து மனிதர்களை இன்னும் ஆட்டிவைக்கின்றன. கடைசியில் எட்ஜ் அவற்றின் மையத்துக்குள் நுழைகிறான். அங்கே டிராகன் பேச ஆரம்பிக்கிறது. எட்ஜிடம் இல்லை, திரைக்கு வெளியே இருக்கும் நம்மிடம். முதல் காட்சியில் சுடப்பட்டு விழுந்த எட்ஜை இத்தனை தூரம் நடத்தி வந்தது வெளியிலிருந்து வந்த ஒரு விருந்தாளி என்கிறது. அந்த விருந்தாளி நாம்தான். இப்போது நாம் விலகினால்தான் அந்த உலகம் தன் காலில் நிற்கும். பொத்தானை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினேன். அதன்பின் அஸெல் எட்ஜைத் தேடிக்கொண்டு பாலைவனத்துக்குள் போகிறாள்.

கேம் வரலாற்றிலேயே தன்னை வைத்திருப்பவனிடம் ‘விட்டுவிடு’ என்று நேராகக் கேட்ட சில படைப்புகளில் இது ஒன்று. அதைத்தான் இன்று அக்ரிலிக் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஊருக்கு வந்தபின் இதை நண்பனிடம் சொல்லவில்லை. “டேய், அத ஒருதரம் ஓட்டிப் பாருடா” என்று மட்டும் வாரம் ஒருமுறை மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை வீடியோ கால். அலமாரிக்குப் பக்கத்தில் பழைய சாட்டர்ன். பெட்டி திறந்திருந்தது.

“ஆன் பண்ணா தேதி கேக்குதுடா.”

“உள்ள பேட்டரி செத்துருக்கும். வாட்ச்ல போடுவாங்களே, அந்த மாதிரி ஒண்ணு. மாத்தலன்னா சேவ் எல்லாம் அழிஞ்சிடும்.”

பேட்டரி வாங்கிப் போட்டான். தேதியைக் கொடுத்தான். முதல் டிஸ்க்கை ஓரங்களில் மட்டும் விரல் பட, பூஜைத் தட்டு மாதிரி எடுத்து வைத்தான்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டான். இரண்டாவது டிஸ்க்கில் இருக்கிறானாம். “எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. பாதி நேரம் சும்மா பறந்துகிட்டு மட்டும்தான்டா இருக்கேன். சண்டையும் ரொம்ப ஈஸி. ஆனா அந்த ஜோவா ஊரு இருக்கே...”

“ஜோவாவ விடு, சண்டைய ஒழுங்கா பாத்தியா நீ?” என்று ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. ஹாஸ்டலுக்குப் பிறகு நாங்கள் இப்படிக் கத்திப் பேசியதில்லை. டிஸ்க்கில் ஒரு மெல்லிய கீறல் விழுந்துவிட்டதாகவும் நடுவில் சொன்னான். குரலில் பெரிய வருத்தம் இல்லை.

நான்காவது டிஸ்க்குக்கு அவன் வர இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை இந்தக் கட்டுரையின் சுட்டியை அவனுக்கு அனுப்பப்போவதில்லை.